இரண்டாவது தடவை கேட்டவர்

எல்ம் கிரீக், அயோவா
செப்டம்பர் 14

அன்புள்ள லைல்,

விசாரணைக் குழுவின் முடிவு நேற்றுத் தபாலில் வந்தது. பதினோரு பக்கம். உன் அத்தான் படிக்கவில்லை. களஞ்சியத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெண்டலுக்குத் துக்கம் வந்தால் களஞ்சியத்தில் வேலையும் வந்துவிடும், உனக்குத் தெரியாததா. நான்தான் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தேன்.

விபத்துக்குக் காரணம் பைலட் எடுத்த தவறான முடிவு. ஜூலையில் அதிபர் வெள்ளம் பார்க்க வந்த அன்று, மூடுபனி விலகும் முன்னே, யாரும் கட்டாயப்படுத்தாமல், கர்ட் தானாகவே ஹெலிகாப்டரைக் கிளப்பியிருக்கிறான். ஆற்றுக்கு மேலே போகும் மின்கம்பியில் மோதியிருக்கிறான். தான் போனதோடு கூட இருந்த டீன் பிர்க்கையும், வெள்ளத்தைப் படம் எடுக்க வந்த அந்தப் பெண்ணையும் கொண்டுபோய்விட்டான். பெற்றவள் இதைப் படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று பதினோரு பக்கத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. டிராக்டரைக் கூட இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறுகிற பிள்ளை அவன். அன்றைக்கு மட்டும் அவனுக்கு என்ன பிடித்தது என்று நினைத்து நினைத்து எனக்குத் தலை வெடிக்கிறது.

தினமும் அதிபரோடு வேலை செய்கிறாய், அவருக்கு என் நன்றியைச் சொல். அடக்கம் முடிந்த மறுநாள் அவரே ஃபோன் செய்தாரே, அதை இன்னும் மறக்க முடியவில்லை. "உங்க பையன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல ஆர்டிஸ், எளரத்தம், துணிஞ்சிட்டான்" என்றார். ஒரு நாட்டின் அதிபர், என் பிள்ளையால் தலைகுனிவு வந்த மனிதர், என்னைத் தேற்றுகிறார். மூன்றரை வருடத்துக்கு முன் பள்ளிக்கூட ஜிம்மில் அவருக்காக எழுந்து நின்று, "இந்த ஹேல்ஸ்டெட் எங்க வீட்ல மூணு நாள் தங்கின மனுஷன். எதிராளியோட மகளைப் பத்தின அசிங்கம் ஒரு உறையில வந்துச்சு. பிரிச்சுக்கூடப் பாக்காம எங்க அடுப்புல போட்டாரு. நான் என் கண்ணால பாத்தேன்" என்று சொன்னேனே, அந்த வார்த்தை வீண்போகவில்லை.

டீனின் மனைவி ஜோலீன் வீட்டுக்கு எலுமிச்சைக் கேக் செய்து எடுத்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். அவள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் திரை மட்டும் அசைந்தது. தட்டைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நான் அவள் இடத்தில் இருந்தால் நானும் திறந்திருக்க மாட்டேன்.

கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிப்ரவரி காகஸ் கூட்டத்தில் மறுபடியும் நான் முன்னின்று பேச வேண்டுமாம். அதிபரின் தேர்தல் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து கேட்டாள். செனட்டர் ஓர்ம்ஸ்பி சொந்தக் கட்சிக்குள்ளேயே அவரை எதிர்க்கிறாராம். பைலட்டின் அம்மாவே பேசினால் ஊர் கேட்கும் என்றாள். சொல்லும்போது கூசியது, ஆனாலும் சரி என்றுவிட்டேன். அவருக்கு நான் பட்ட கடன் அது.

ஒழுங்காகச் சாப்பிடு. அடக்கத்துக்கு வந்தபோது கோட்டு உன்மேல் தொங்கியது.

அக்கா
ஆர்டிஸ்

*

வாஷிங்டன்
செப்டம்பர் 27

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இங்கே வேலை அப்படி. ஓர்ம்ஸ்பி ஒவ்வொரு நாளும் ஏதாவது கிளப்பிவிடுகிறார், நாங்கள் அணைத்துக்கொண்டிருக்கிறோம்.

உன் நன்றியைச் சொன்னேன். அதிபர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உன் சமையலறையை, நீ போட்ட காப்பியை எல்லாம் நினைவு வைத்திருக்கிறார். அந்த நினைவாற்றல் மட்டும் எனக்கிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

அக்கா, ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பிர்க் வீட்டுக்கு இனி போக வேண்டாம். நீ மன்னிப்புக் கேட்கக் கேட்க அவர்களுக்குப் புண் ஆறாது. அவர்கள் வக்கீல் யாரையாவது பார்த்திருந்தால் நீ சொன்னது நாளைக்கு வேறு மாதிரி வந்து நிற்கும். அந்தக் காலையைப் பற்றி யாராவது கேட்டால், "விசாரணை முடிந்துவிட்டது" என்று சொல்லி நிறுத்திக்கொள்.

கர்ட்டுக்கு நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது திடீரென்று ஞாபகம் வருகிறது. விழுந்தாலும் அழமாட்டான், சைக்கிளுக்கு அடிபட்டதா என்றுதான் பார்ப்பான். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அடித்துவிடலாம் என்று பார்த்தேன், கடிதம் அசிங்கமாகிவிடும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன்
லைல்

*

எல்ம் கிரீக்
அக்டோபர் 19

லைல்,

ஜோலீன் பிர்க் வியாழக்கிழமை என் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கழுவித் துடைத்து, அடியில் நான் பெயர் எழுதி ஒட்டிய நாடா கூடப் பிரியாமல். ஆனால் வெறும் தட்டு. நம் ஊரில் தட்டு வெறுமையாகத் திரும்பினால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஒரு ஆப்பிளாவது வைப்பார்கள். சரி, திட்டப் போகிறாள், வாங்கிக்கொள்வோம் என்று உள்ளே கூப்பிட்டேன்.

அவள் திட்டவில்லை. கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "நீங்க எதுக்கு என்கிட்ட மன்னிப்பு கேக்கறீங்க? உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா, இல்ல தெரியாத மாதிரி நடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

அன்று காலை ஆறு மணிக்குச் சற்று முன் டீன் படைத்தளத்திலிருந்து வீட்டுக்கு ஃபோன் செய்திருக்கிறான். மூடுபனி அடர்ந்து கிடக்கிறது, கர்ட் கிளம்ப முடியாது என்று சொல்லிவிட்டான், ஒன்பது மணிக்கு மேல்தான் பார்க்கலாம், முட்டை பொரித்து வை, வந்துவிடுகிறேன் என்றானாம். அவள் முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றியிருக்கிறாள். இருபது நிமிடம் கழித்து மறுபடியும் ஃபோன். "வர முடியாது ஜோ. கர்ட்டோட மாமா ஃபோன் பண்ணிட்டாரு."

இதை அவள் விசாரணைக் குழுவிடம் சொல்லியிருக்கிறாள். மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு அனுப்பினார்களாம். அந்தப் பதினோரு பக்கத்தை நேற்று மறுபடியும் எடுத்துப் படித்தேன். ஒரு வரி இல்லை.

கர்ட்டுக்கு ஒரே ஒரு மாமாதான், லைல். அது யார் என்று ஊருக்கே தெரியும்.

நீ ஃபோன் செய்தாயா? ஆமாம் அல்லது இல்லை. பூசி மெழுகாமல் எழுது.

ஆர்டிஸ்

*

வாஷிங்டன்
நவம்பர் 1

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் துயரத்தை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன்.

தாங்கள் குறிப்பிட்ட நாளன்று காலை, வானிலை குறித்து விசாரிப்பதற்காக அதிபரின் குழுவினர் பலர் பல இடங்களுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். குடும்ப உறுப்பினர் என்ற முறையில் நானும் கர்ட்டிடம் சில நிமிடங்கள் நலம் விசாரித்திருக்கலாம். பறப்பதா வேண்டாமா என்ற முடிவு எப்போதும் பைலட்டுக்கே உரியது. இதைத்தான் விசாரணைக் குழுவும் உறுதிசெய்துள்ளது.

துக்கத்தில் இருப்பவர்கள் காரணங்களைத் தேடுவது இயல்பு. திருமதி பிர்க்கின் மனநிலையையும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

தங்கள் அன்புள்ள
லைல் ஆம்ஸ்டட்

*

எல்ம் கிரீக்
நவம்பர் 8

லைல்,

தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறாய். உனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா செத்ததிலிருந்து உன் சட்டைக்குப் பொத்தான் தைத்தவளை, முதல் தடவையாகத் 'தாங்கள்' என்கிறாய். இதை வக்கீலிடம் காட்டித் திருத்தினாயா, இல்லை நீயே இவ்வளவு கெட்டிக்காரன் ஆகிவிட்டாயா?

"நலம் விசாரித்திருக்கலாம்." விசாரித்தாயா இல்லையா என்பது உனக்கே தெரியாதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய், அதுவும் சோறு போட்டவளிடமே.

நன்றியறிதல் விருந்துக்கு இந்த வருடம் உனக்குத் தட்டு வைக்கப்போவதில்லை. நீ எழுதப்போவதைப் பொறுத்துத்தான் மற்றது. கையால் எழுது. உன் கையெழுத்து பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

ஆர்டிஸ்

*

வாஷிங்டன்
நவம்பர் 29

அக்கா,

ஆமாம். நான்தான் ஃபோன் செய்தேன்.

இந்த ஒரு வரிக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. நேற்று நன்றியறிதல் விருந்தில் எல்லாரும் வான்கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் அறையைப் பூட்டிக்கொண்டு ரொட்டி தின்றேன். இரக்கப்படு என்று சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் தேர்தலின் குளிர்காலத்தில் நான் அதிபருக்கு ஒன்று கற்றுக்கொடுத்தேன். வீடு வீடாகப் போகிறோம், எங்கே போனாலும் "வேண்டாங்க, பரவாயில்லைங்க" என்கிறார்கள். முற்றத்தில் பெயர்ப்பலகை நடலாமா என்றால் வேண்டாம், கூட்டத்துக்கு வருகிறீர்களா என்றால் வேண்டாம். அவர் வெறுத்துப்போனார். கிழக்குக் கடற்கரைக்காரர், வேண்டாம் என்றால் வேண்டாம்தான் அவருக்கு. நான்தான் சொன்னேன்: சார், எங்க ஊர்ல முதல் 'வேண்டாம்' மரியாதைக்குச் சொல்றது. காப்பி வேணுமான்னு கேட்டாக்கூட முதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவோம். ரெண்டாவது தடவை கேக்கணும், அதுவும் வீட்டு மனுஷங்களை விட்டுக் கேக்கணும், அப்புறம் மறுக்க மாட்டாங்க. அவர் என் முதுகில் தட்டி ஓவென்று சிரித்தார். அந்த ஒரு வித்தையால்தான் அயோவாவை ஜெயித்தோம்.

ஜூலையில் வெள்ளம் பார்க்க வந்தபோது கார்வர் பெண்ட் பள்ளியில் வீடிழந்தவர்களோடு அவரும் கட்டிலில் படுத்தார். காலை ஐந்தரைக்கு எழுந்து, குழந்தைகள் முகம் கழுவும் குட்டைத் தொட்டியில் குனிந்து சவரம் செய்துகொண்டிருந்தார். அவர் கரையில் நடப்பதை மேலேயிருந்து எடுத்து ஏழு மணித் தொலைக்காட்சிச் செய்திக்குத் தருவதாக ஏற்பாடு. அதற்குத்தான் தேசியக் காவல் படை ஹெலிகாப்டரும் அந்தப் பெண்ணும். பைலட் முடியாது என்கிறார், ஒன்பது மணிக்கு மேல்தான் என்கிறார் என்று செய்தி வந்தது. ஒன்பது மணிக்கு யார் டிவி பார்க்கிறார்கள்?

பைலட் யார் என்று கேட்டார். ஆர்டிஸின் மகன் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "நல்லதாப் போச்சு. மொதல் தடவை அப்படித்தான் சொல்வாங்க. ரெண்டாவது தடவை வீட்டு மனுஷன் கேக்கணும். நீதானே எனக்குச் சொல்லிக்குடுத்தே, லைல்?"

அக்கா, அது காப்பிக்கும் கேக்குக்கும் உள்ள வழக்கம். பனிக்கு இல்லை. அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியும். கர்ட் முடியாது என்றால் முடியாதுதான் என்றும் தெரியும். தெரிந்துதான் தலைமையாசிரியர் அறைக்குப் போய் ஃபோனை எடுத்தேன்.

"மாமா, வேலியே கண்ணுக்குத் தெரியல" என்றான். "அதிபரே கேக்கறாருடா. உங்கம்மா எழுந்து நின்னு ஜெயிக்கவெச்ச மனுஷன்" என்றேன். பிறகு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். "தெரிஞ்சா சந்தோஷப்படுவா" என்றேன்.

"சரி மாமா" என்றான். அவ்வளவுதான்.

ஏழு இருபதுக்குச் செய்தி வந்தது. அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அழுகிறார் என்றுதான் நினைத்தேன், நானும் அழுதுகொண்டிருந்தேன். கையை எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி: "அந்த ஃபோன் பேச்சு எங்கயாச்சும் பதிவாகியிருக்கா?" இல்லை என்றேன். பத்து மணிக்கு மைக்குக்கு முன்னால் நின்று, பைலட் எச்சரிக்கப்பட்டிருந்தார், துணிச்சல் சில நேரம் அறிவை முந்திவிடுகிறது, அவரை நாம் கடிந்துகொள்ள வேண்டாம் என்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். படத்தில் இருக்கிறேன், பார்த்திருப்பாய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பாதி சொல்லி என்ன பயன். உன் அடுப்பில் அவர் போட்ட அந்த உறையின் நகல் அதற்கு முந்தைய வாரமே பத்திரிகைக்குப் போய்விட்டது. நீ சமையலறைக்குள் வரும்வரை காத்திருந்துதான் அடுப்பைத் திறந்தார். அன்றே எனக்குத் தெரியும். ஜெயிப்பதற்குச் செய்கிற சின்னத் தந்திரம், ஜெயித்தபிறகு நல்லது செய்வார் என்று நினைத்தேன். செய்யவும் செய்தார், அக்கா. அவர் கையெழுத்திட்ட மருத்துவச் சட்டத்தால் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் தினமும் தூங்கப் பார்க்கிறேன்.

படித்ததும் இதை எரித்துவிடு.

லைல்

*

எல்ம் கிரீக்
டிசம்பர் 10

லைல்,

எரிக்கவில்லை. வெண்டலுக்கு வாசித்துக் காட்டினேன். களஞ்சியத்துக்குப் போவார் என்று நினைத்தேன், போகவில்லை. முழுவதும் கேட்டார். பிறகு, "இந்த மேசையில அவன் எத்தனை வருஷம் சாப்ட்டான்?" என்று மட்டும் கேட்டார். பதினோரு வருஷம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் பசங்களுக்குத் தீனி வைக்கப் போனார். பன்றிகளைத்தான் சொல்கிறேன், இந்த வீட்டில் வேறு பசங்கள் இல்லை.

'தெரிஞ்சா சந்தோஷப்படுவா.' இந்த ஒன்றை எழுதாமல் விட்டிருக்கக் கூடாதா நீ? என் பெயரைச் சொல்லி என் பிள்ளையை ஏற்றி அனுப்பியிருக்கிறாய். அவன் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு என் சார்பில் நீ பதில் சொல்லியிருக்கிறாய். நான் இந்த ஐந்து மாதமாக யார் யார் வீட்டு வாசலிலோ கேக்கோடு போய் நின்று, என் பிள்ளையின் தப்புக்கு மன்னித்துவிடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். நீ அதைக் கடிதத்தில் படித்துவிட்டு, வக்கீல் பார்த்திருந்தால் சிக்கல் என்று எழுதினாய். அந்த மனுஷன் ஃபோனில், உன் பிள்ளை மேல் கோபம் இல்லை என்றார். நான் "ரொம்ப நன்றிங்க" என்றேன். அந்த நன்றியை இப்போது எப்படித் திருப்பி வாங்குவது?

மருத்துவச் சட்டம் நல்ல சட்டம்தான். ஜோலீனின் சின்னவனுக்கு அதில்தான் வைத்தியம் நடக்கிறது. அதைக் கொடுத்த கைதான் இதையும் செய்தது. எனக்கு இரண்டையும் கூட்டிக் கழிக்கத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்தால் நீ வைத்துக்கொள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். கர்ட்டின் பெயர். காகஸ் பிப்ரவரி 10, மாலை ஏழு மணி, அதே ஜிம். ஓட்டுப்பெட்டி இருந்தால் நான் ரகசியமாகப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். நம் ஊரில் எல்லார் கண் முன்னாலும் நடந்து போய் ஒரு மூலையில் நிற்க வேண்டும், ஏன் நிற்கிறோம் என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டும். அன்று நான் பொய்யான சாட்சி சொன்ன இடத்தில் நீ வந்து உண்மையைச் சொல். அவனை ஏற்றி அனுப்பியது நான்தான் என்று சொல். பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். வேறெதுவும் கேட்க மாட்டேன், திட்டவும் மாட்டேன்.

வருவாயா?

ஆர்டிஸ்

*

வாஷிங்டன்
ஜனவரி 17

அன்புள்ள அக்கா,

வருகிறேன். 9ஆம் தேதி விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். மேடையெல்லாம் வேண்டாம். பின்னாலிருந்து எழுந்து சொல்லிவிடுகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். ராஜினாமாக் கடிதமும் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

சனிக்கிழமை அவர் என்னைத் தனியாக நடக்கக் கூப்பிட்டார். தோளில் கை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தார். இரண்டாவது முறை ஜெயித்தால் அலுவலகம் முழுவதையும் என் பொறுப்பில் விடுவதாகச் சொன்னார். எதற்கு இப்போது சொன்னார் என்று தெரியவில்லை. கடைசியில், "ஆர்டிஸ் நல்லா இருக்காங்களா? நம்ம பக்கம்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

அந்தக் கடிதம் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறதா? ஜோலீனிடம் காட்டினாயா? காட்டாதே. நான்தான் வருகிறேனே, பிறகு அது எதற்கு.

உன் தம்பி
லைல்

*

எல்ம் கிரீக்
பிப்ரவரி 16

லைல்,

அன்று என்ன நடந்தது என்று உனக்குப் பத்திரிகை வழியாகத் தெரிந்திருக்கும். என் வாயால் ஒரு தடவை கேட்டுக்கொள்.

ஆறரைக்கே போய்விட்டேன். உனக்காகப் பின்வரிசையில் ஒரு நாற்காலியில் என் கோட்டைப் போட்டு வைத்தேன். வெண்டல் கதவுக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூற்றிருபது பேர் வந்தார்கள். ஏழு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகு யாரும் உள்ளே வர முடியாது என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் வரவில்லை.

ஹேல்ஸ்டெட் மூலையில் எண்பத்தெட்டுப் பேர். அதில் பாதிப்பேர் போன தடவை நான் சொல்லி வந்து நின்றவர்கள். எனக்கு அங்கே முன்னால் இடம் விட்டு வைத்திருந்தார்கள். நான் நடுவில் போய் நின்றுகொண்டேன். அன்றைக்கு இவர் நல்ல மனுஷர் என்று நான் சொன்னது தப்பு, ஏமாந்துவிட்டேன், உங்களையும் ஏமாற்றிவிட்டேன் என்றேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் கடிதத்தை வாசித்தேன். முழுவதும். 'தெரிஞ்சா சந்தோஷப்படுவா' என்ற இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தேன். கீழே உன் பெயரையும் வாசித்தேன்.

எல்லாரும் அவரவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூட்டத் தலைவர், இடம் மாறுகிறவர்கள் மாறலாம் என்றார். ஒன்பது பேர் மாறினார்கள், லைல். எண்பத்தெட்டில் ஒன்பது.

பக்கத்துப் பண்ணை மைலோ என் தோளைத் தொட்டு, "கர்ட்டுக்காக நாங்க எல்லாரும் அழுதோம் ஆர்டிஸ். ஆனா நாட்டை நடத்தறதுக்கு யோக்கியந்தான் வேணும்னு இருக்கா? வேலை தெரிஞ்சாப் போதாதா?" என்றான். யோக்கியன் என்று சொல்லித்தானே போன தடவை உன்னை இந்தப் பக்கம் இழுத்து வந்தேன் என்று கேட்டேன். அவனுக்குக் கண் கலங்கித்தான் இருந்தது. அவன் கெட்டவன் இல்லை. ஆனால் மூலையைவிட்டு நகரவும் இல்லை.

நான் எந்த மூலைக்கும் போகவில்லை. நடுவிலேயே நின்றேன். ஜோலீன் ஓர்ம்ஸ்பி மூலையிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். இடம்விட்டு வந்ததால் அவள் தலையையும் யாரும் எண்ணவில்லை. எண்ணி முடிக்கும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். நீ வராததைக் கூட. பயந்தாங்கொள்ளி, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

வியாழக்கிழமைப் பத்திரிகையில் உன் அறிக்கை வந்தது. "அந்தக் கடிதத்தில் உள்ளது உண்மையல்ல. மகனை இழந்த என் சகோதரி, அவன் மீது பழி விழுந்ததைத் தாங்க முடியாமல் தவித்தார். அந்தப் பழியை என்மேல் ஏற்றுக்கொண்டு அவரைத் தேற்றுவதற்காக நான் எழுதிய கற்பனை அது. என் அன்பு அவரைத் தவறாக வழிநடத்திவிட்டதற்கு வருந்துகிறேன்." அதற்குக் கீழே அதிபர் உன்னைப் பாராட்டியிருக்கிறார். குடும்பப் பாசம் மிக்க மனிதராம் நீ.

எப்படி லைல் இப்படி யோசிக்க முடிந்தது? என் பிள்ளையை ஒரு தடவை கொன்றாய். பிறகு குற்றவாளியாக்கினாய். இப்போது எனக்கும் பைத்தியக்காரிப் பட்டம் கட்டி, உனக்கு நல்லவன் பட்டமும் வாங்கிக்கொண்டாய். இதை அவர் எழுதிக் கொடுத்தாரா, நீயே எழுதினாயா என்று நான் கேட்கப்போவதில்லை. இரண்டும் ஒன்றுதான் இப்போது.

வெண்டல் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒருவேளை அவன் இப்பச் சொல்றதுதான் நெசமோ, ஆர்டிஸ்?" என்றார். பாவம், அவருக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்.

நான் உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு நிமிடம் யோசித்தேன். நீ இப்போது சொல்வது உண்மையாக இருந்தால், கர்ட் யார் சொல்லையும் கேட்காமல் தானாகத்தான் போனான், இரண்டு பேரின் சாவுக்கும் அவன்தான் காரணம். ஆனால் நீ என் தம்பியாகவே இருப்பாய், ஈஸ்டருக்கு வருவாய், அந்த நாற்காலியில் உட்காருவாய். அப்படியே இருந்துவிடக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். நான் பெற்ற பிள்ளை குற்றவாளியாகவே இருக்கட்டும் என்று ஒரு நிமிடம் முழுக்க நான் ஆசைப்பட்டேன்.

நீ கர்ட்டுக்குச் செய்ததைக்கூட என்றைக்காவது மன்னித்துவிடுவேனோ என்னவோ, நான் அப்படிப்பட்டவள்தான். அந்த ஒரு நிமிடம் என்னை அப்படி ஆசைப்பட வைத்தாயே, அதை மன்னிக்க மாட்டேன்.

கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. புதன்கிழமை நானும் ஜோலீனும் மாநிலத் தலைநகர் டெ மொய்னுக்குப் போகிறோம். விசாரணையைத் திறக்கச் சொல்லி மனு கொடுக்கப் போகிறோம். இனி எனக்கு எழுதாதே.

கர்ட்டின் அம்மா
ஆர்டிஸ்